வன்னியில் புற்றுநோயாளர்களுக்கான உளத்துணை: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

உளவியலில் பட்டமும் உளவளத்துணையில் பயிற்சியும் முடித்த ஒருவர் வவுனியாவிலிருந்து இரண்டு விடயங்களைக் கேட்டிருக்கிறார். வன்னியில் புற்றுநோயாளர்களுக்கு உளத்துணை வழங்குவதை முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடியுமா என்பது ஒன்று. பயிற்சிகளில் எல்லாம் ‘பண்பாட்டுக்கு ஏற்றவாறு வேலை செய்யுங்கள்’ என்கிறார்களே, நோயாளரின் கட்டிலருகே இருக்கும்போது அதற்கு என்ன பொருள் என்பது மற்றொன்று. இவற்றுக்கு நடுவே அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: தாய்க்குப் புற்றுநோய் என்பதை அவருக்குச் சொல்லவே கூடாது என்று பிள்ளைகள் கையைப் பிடித்துக் கேட்டால், தான் படித்த ஒழுக்கக் கோவையை எங்கே வைப்பது என்று. அவருடைய உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. மற்ற இரண்டுக்குமான விடையும் அதிலிருந்தே கிளைக்கும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்து, வன்னியின் வைத்தியசாலைக் கிளினிக்குகளிலும் நோயாளர்களின் வீடுகளிலும் நெடுங்காலமாக வேலை செய்து வருபவள். நான் மருத்துவர் அல்ல. மருந்துகள் பற்றியும் சத்திரசிகிச்சை பற்றியும் இங்கே வருபவை, என்னோடு வேலை செய்த வைத்திய நிபுணர்களிடமும் தாதியரிடமும் கற்றவை. அவற்றை வைத்து எவரும் தமது சிகிச்சையை மாற்றக் கூடாது. என் அனுபவம் வளர்ந்தவர்களோடுதான். சிறுவர் புற்றுநோய்க்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதைப் பற்றி நான் பேசவில்லை. உதாரணத்துக்குச் சொல்லும் குடும்பங்கள் எவையும் தனி ஒரு குடும்பமும் அல்ல. பலரிடம் கண்டதைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

இந்தத் துறையில் எது உறுதியானது, எது உறுதியற்றது என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஜிம்மி ஹொலண்ட் என்ற உளமருத்துவர் 1977 இல் உளநலப் பிரிவொன்றைத் தொடங்கியதையும், 1984 இல் இதற்கான சர்வதேசச் சங்கம் உருவானதையும் புற்றுநோய் உளவியலின் தொடக்கமாகக் கொள்வார்கள். அதன் பின் வந்த ஆய்வுகளின்படி, மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வோ, பதகளிப்போ, நோயோடு இணங்கிப்போக முடியாத தவிப்போ கவனிக்கப்பட வேண்டிய அளவில் இருக்கிறது. முறையான உளத்துணை அந்தத் தவிப்பைக் குறைக்கிறது என்பதும் உறுதி. ஆயுளை நீட்டுமா என்பது அப்படியல்ல. பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களில் குழுச் சிகிச்சைக்கு வந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்க உளமருத்துவர் டேவிட் ஸ்பீகல் குழுவினர் 1989 இல் வெளியிட்டார்கள். 2001 இல் வெளிவந்த பெரிய கனேடிய ஆய்விலும், 2007 இல் ஸ்பீகலே செய்து வெளியிட்ட மீள் ஆய்விலும் அந்தப் பலன் தென்படவில்லை. கனேடிய ஆய்வில் மனத்துயரும் வலியுணர்வும் குறைந்திருந்தன, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’ எனக்குப் போதுமானது. ஆனால் ‘மனதைத் தைரியமாக வைத்திருந்தால் வருத்தம் போய்விடும்’ என்று நோயாளரிடம் சொல்வதற்கு அது இடம் தராது. நோய் திரும்பி வரும்போது அந்தச் சொல், தன் மனவுறுதி போதாமற்போனதால்தான் வந்தது என்ற குற்றவுணர்வாக அவருக்குள்ளே நின்றுவிடும்.

வன்னியில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். ‘அந்தச் செல் புகையாலதான் வந்ததோ?’, ‘மகனை யோசிச்சு யோசிச்சுத்தான் வந்ததோ?’ என்று கேட்பார்கள். செல் என்பது போரில் விழுந்த எறிகணை. மனத்துயர் தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை ஆய்வுகள் நிறுவவில்லை. ஒரு தனி மனிதரின் கட்டியை 2009 இறுதிப் போரின் புகையோடு இணைத்துக் காட்டும் பரிசோதனையும் இல்லை. வாய்ப் புற்றுநோயில் உறுதியாகச் சொல்ல முடிவது, புகையிலையும் பாக்கும் காரணம் என்பது; புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் பசிக்கும் பதற்றத்துக்கும் வெற்றிலை போடப் பழகியவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ஆகவே போருக்கும் நோய்க்கும் இடையில் இப்படி ஒரு சுற்றுவழி இருக்கலாம் என்று சொல்கிறேன், அதற்கு மேல் சொல்வதில்லை. எனினும் அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தகவலுக்காகக் கேட்பதில்லை. மகனைப் பற்றிப் பேச அவர் ஒரு வாசலைத் திறக்கிறார். விளக்கம் சொல்லிவிட்டு எழுந்து போனால் அந்த வாசல் மூடிவிடும்.

இனி, சொல்லாமல் வைத்திருப்பதைப் பற்றி. ‘அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ’ என்று குடும்பத்தவர் வந்து நிற்பது இங்கே வழமை. பெரும்பாலும் மூத்த மகனோ மகளோ வருவார். சில வீடுகளில் முடிவு எடுப்பவர் சுவிஸிலோ கனடாவிலோ இருந்து செலவைப் பார்க்கும் சகோதரராக இருப்பார், அவரோடு வைபரில்தான் பேச வேண்டியிருக்கும். பாடநூல் வழியில் வந்த இளம் உளவியலாளருக்கு இது நோயாளரின் உரிமையைப் பறிப்பதாகத் தெரியும். பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று மட்டும் கற்றவருக்கோ இது நம் வழக்கம், விட்டுவிடலாம் என்று தோன்றும். இரண்டுமே அவசர முடிவுகள். நான் முதலில் குடும்பத்திடம் கேட்பது, சொன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை. ‘தம்பி போன பிறகு அம்மா ஒரு வருசம் ஒழுங்காகச் சாப்பிடேல்லை, இன்னொருக்கா அப்படிப் பாக்க ஏலாது’ என்று ஒரு மகள் சொன்னால், அது உண்மையை மறைக்கும் ஆசையல்ல. ஏற்கெனவே ஒருமுறை தாயை ஏறத்தாழ இழந்த பிள்ளையின் பயம் அது. அந்தப் பயத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்த பின்னர், என் நிலையைத் தெளிவாகச் சொல்கிறேன்: நானாகப் போய் அவரிடம் அறிவிக்க மாட்டேன், ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். இந்த உடன்பாடு கிடைக்காத குடும்பம் அரிது.

அதன் பின் நோயாளரோடு தனியாக அமர்கிறேன். புற்றுநோய்ச் செய்தியைச் சொல்வதற்கு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறையிலும், எதையும் சொல்வதற்கு முன்னர் அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பதே முக்கியமான படி. நான் கேட்பது இப்படி இருக்கும்: ‘உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கினம்? இனி டொக்டர் சொல்லுறதை நீங்களே கேக்க விரும்புறீங்களோ, மகளிட்டைச் சொன்னாப் போதுமோ?’ பலர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமக்கு எல்லாம் தெரியும் என்றும், பிள்ளை தாங்கமாட்டாள் என்பதால் தெரியாததுபோல் இருப்பதாகவும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் பேருந்தில் போய், ‘புற்றுநோய்’ என்று எழுதிய கட்டடத்துக்குள் நுழைந்து, கிளினிக் கொப்பியோடு வரிசையில் இருந்து வந்தவருக்கு எதுவும் தெரியாது என்று நம்புவது குடும்பத்தின் ஆறுதலுக்குத்தான். ஆக, ஒரே வீட்டில் ஒருவருக்காக மற்றவர் மௌனம் காத்துக்கொண்டிருப்பார்கள். யார் யாருக்காகப் பேசாமல் இருக்கிறார்கள் என்று கண்டறிவதே இங்கு என் முதல் வேலை. மௌனத்தை உடைப்பது என் வேலையல்ல. அவர்களால் தாங்கக்கூடிய அளவில், அவர்கள் விரும்பும் இடத்தில் அதைத் திறக்கத் துணை நிற்பதுதான் என் பங்கு.

அந்தத் திறப்பு பெரும்பாலும் நோயின் பெயரைச் சொல்வதில் தொடங்குவதில்லை. காணியில் தொடங்கும், அல்லது கடைசி மகளின் கலியாணத்தில். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் பல குடும்பங்களிடம் காணியின் உரிமைப் பத்திரமான உறுதி கிடையாது, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிதான் இருக்கிறது. அதற்குப் பின்னுரித்தாளர் ஒருவரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வைக்க வேண்டும். தாய் எதையும் பதியாமல் போய்விட்டால் பிள்ளைகள் பல ஆண்டுகள் அலைய நேரலாம். ‘அம்மா, காணி அலுவலை ஒருக்கா ஒழுங்குபடுத்தி வைப்பமோ’ என்று மகன் கேட்கும்போது, இருவருக்கும் எல்லாம் விளங்கிவிடும். ஆனால் பேச்சு தாங்கக்கூடியதாக இருக்கும். எதையும் அறிய விரும்பவில்லை, எல்லாம் மகன் பார்ப்பான் என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான், அதை நான் மாற்ற முயல்வதில்லை. மௌனத்துக்கு இடமே இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. சத்திரசிகிச்சைக்கும் கீமோ மருந்தேற்றுவதற்கும் சம்மதம் கேட்கும்போது அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தேற்றிய பின் 38 பாகை அளவில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது அவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் சாதாரண தொற்றும் உயிரைப் பறிக்கும். மௌனத்துக்கு இடமில்லாத மற்றொரு சந்தர்ப்பம், அவரே நேராகக் கேட்கும் நேரம்.

பண்பாடு என்ற சொல்லை நான் கவனமாகக் கையாள்வதற்கு ஒரு காரணம், வன்னி ஒரே பண்பாட்டு நிலம் அல்ல என்பது. பரம்பரையாக முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கும் சைவக் குடும்பங்கள், மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் வாழும் கத்தோலிக்கர், 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்கள், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நீண்ட காலத்தின் பின் திரும்பிய முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள் என்று பல வேர்கள் இங்குண்டு. ஒரே ஊருக்குள் மரணச் சடங்கும் உணவுக் கட்டுப்பாடும் யார் முன்னே அழலாம் என்பதும் மாறும். வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பற்றிப் பேசினால் எல்லா நோயாளரும் மனம் திறப்பார்கள் என்று நினைத்து வரும் உதவியாளர், மலையகத்திலிருந்து வந்த தாயின் மாரியம்மன் நேர்த்தியையோ, கத்தோலிக்கர் ஒருவர் மடு மாதாவுக்கு வைத்த பொருத்தனையையோ கேட்காமலே போய்விடுவார். ஊகிக்காமல் கேட்பதையே நான் பண்பாட்டு உணர்வு என்று கொள்கிறேன். தமிழர் ஒருவர் தமிழரோடு பேசும்போது இந்தக் கேள்விகள் தேவையில்லை என்று தோன்றுவதால், உள்ளூரவரான எமக்கு இது வெளியாரைவிடக் கடினம்.

கேட்பதற்கு உதவும் ஒரு தொகுதியை ஆர்தர் கிளைன்மன் என்ற உளமருத்துவரும் அவருடைய சகாக்களும் 1978 இல் முன்வைத்தார்கள்: இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இதில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள், எந்த வைத்தியம் வேண்டுமென்று நினைக்கிறீர்கள் என்பன போன்றவை. இவற்றைத் தமிழில் கேட்டால் முன்வினை, ஏழரைச் சனி, கண்ணூறு, உறவுக்குள் யாரோ செய்த செய்வினை, கிரந்திச் சாப்பாடு என்று பதில் வரும். ஒரே மனிதர் கீமோவையும் நம்புவார், நூல் கட்டிய பூசாரியையும் நம்புவார். அவருக்கு அதில் முரண் இல்லை. நானும் முரண் காட்டப் போவதில்லை. என் கவனம் இரண்டு இடங்களில் மட்டும். நம்பிக்கை சிகிச்சையை நிறுத்துகிறதா என்பது முதலாவது. விரதம் பிடிக்க விரும்பும் நீரிழிவுள்ள நோயாளர், மருந்தோடு சேர்த்து நாட்டுக் கசாயம் குடிப்பவர், கட்டிக்குப் பத்துப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் ஆகியோரை வைத்திய நிபுணரிடம் மறைக்காமல் பேச வைக்க வேண்டும். கோயில் ஐயரே ‘இந்த வருசம் அம்மாவுக்குப் பதிலா மகள் பிடிக்கட்டும்’ என்று சொன்னால் அது என் பத்து விளக்கங்களைவிடப் பெறுமதியானது. திருவிழாக் கூட்டத்துக்குப் போக ஆசைப்படுபவருக்கு, மருந்தேற்றி ஏழு முதல் பதினான்கு நாள் வரையான காலத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருக்கக்கூடும் என்பதை விளக்கி, மருத்துவரோடு கதைத்து நாள் குறித்துக் கொடுக்கலாம். நம்பிக்கை நோயாளரைத் தண்டிக்கிறதா என்பது இரண்டாவது. முற்பிறப்பில் செய்த பாவம் என்று சொல்லி ஒரு பெண் தன்னைத் தானே வெறுக்கும்போது தத்துவ விவாதம் உதவாது. அவருடைய குலதெய்வம் அவரை எப்படிப் பார்க்கும் என்று அவரிடமே கேட்பேன். அம்மன் பிள்ளையைத் தண்டிப்பாளா என்று அவரே யோசிக்கத் தொடங்குவார்.

போர் இந்த நோய்க்குள் எப்படியெல்லாம் வந்து நிற்கிறது என்பதை வேறு இடங்களில் எழுதிய பாடநூல்களில் காண முடியாது. உடலில் இன்னமும் செல் துண்டுகளோடு இருப்பவர்கள் இங்கு பலர். அவற்றில் இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அவற்றை அசைத்துக் காயப்படுத்தலாம் என்பதால் பரிசோதனைக்கு முன்னரே சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கே, எப்போது காயப்பட்டீர்கள் என்ற அடுத்த கேள்விக்குப் பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு, குறிப்பாகப் புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள். அந்தத் தகவல் ஸ்கேன் அறையில் எதற்குத் தேவை என்பதை விளக்கி, நோயாளரின் சம்மதத்தோடு தாதியிடம் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. ஸ்கேன் குழாய்க்குள் படுத்ததும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்த நாட்கள் திரும்பி வருவோருக்கு, இயந்திரம் எப்படிச் சத்தம் போடும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்பே சொல்லி, மூச்சுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலானோர் சமாளிக்கிறார்கள். வன்னி மக்களின் துயரைத் தனித்தனி நோயாகப் பார்க்காமல் கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருப்பது புற்றுநோய் வார்ட்டுக்கும் பொருந்தும். ஒருவர் அழத் தொடங்கினால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே கதை இருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் நோயாளராக இருப்பது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அப்படியொரு தாய்க்கு இனிச் சிகிச்சை பலன் தராது என்ற செய்தி, அவருடைய உயிரைப் பற்றிய செய்தியாக வருவதில்லை. ‘அவன் வந்தால் ஆர் இருப்பினம்?’ என்பதே அவர் கேட்பது. இழப்பா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் எழுதியவற்றில் எனக்கு மிகவும் உதவிய கருத்து, அந்தத் தெளிவின்மைக்கு முடிவு கட்ட முயலக் கூடாது என்பது. மகன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஏற்கச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. தேடலை யாரிடம் ஒப்படைக்கலாம், படத்தையும் முறைப்பாட்டுக் கடிதங்களையும் யார் வைத்திருப்பது, மகன் வந்தால் சொல்ல வேண்டியது என்ன என்று பேசலாம், எழுதி வைக்கலாம். அதைச் செய்து முடித்த பின்னர்தான் சிலர் வலி மருந்தை ஒழுங்காக எடுக்கத் தொடங்குகிறார்கள். அதுவரை அரைத்தூக்கத்தில் இருக்கப் பயந்திருப்பார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கைப் பெண்களில் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். கட்டியைக் கண்டும் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதற்குக் கூச்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். நான் கண்ட பெரிய காரணம், வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான் என்பது. தாம் படுத்தால் பிள்ளைகள் படுத்துவிடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். இன்னொன்று மகளின் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்பதையும், பாத்திரத்தைப் பிரித்து வைக்க வேண்டிய தொற்றுநோய் இது அல்ல என்பதையும் மாமியார், மைத்துனி உட்பட எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கு மார்பு அகற்றப்பட்டால் ‘உனக்கினி என்னத்துக்கு’ என்று உறவினர் ஆறுதல் போலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அது என்ன இழப்பு என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளே வைத்துக்கொள்ளத் துணியில் செய்த மாற்றுறுப்பும், அதற்கேற்பச் சட்டை தைத்துக் கொடுக்கும் ஊர்த் தையற்காரியும் அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிடுவதைப் பார்க்கிறேன். முடி கொட்டுவதற்கு முன்னரே கோயிலில் முடி இறக்கிவிட்டு வரும் பெண்களும் உண்டு. ஊர் அதை நேர்த்தி என்று எடுத்துக்கொள்ளும், அவருக்கும் முடியை இழந்தோம் என்பதைவிடக் கொடுத்தோம் என்ற நிறைவு கிடைக்கும். இந்த வழியை அவர்களாகவே கண்டார்கள், எந்த உளவியலாளரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மதிப்பீட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை, தவிப்பை பூச்சியம் முதல் பத்து வரை அளக்கும் தவிப்புமானியில் நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது வழக்கம். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதில் மட்டும் தங்காதீர்கள். ‘பத்துக்கு எத்தனை’ என்று கேட்டால் ‘என்னத்தைப் பிள்ளை சொல்ல’ என்பார்கள்; ‘நெஞ்சு பாரமாக் கிடக்கு’, ‘ஒரே யோசனை’ என்று அவர்களே சொல்லும்போது அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். களைப்பும் பசியின்மையும் நித்திரையின்மையும் நோயாலும் மருந்தாலும் வருவன என்பதால் அவற்றை வைத்து மனச்சோர்வு என்று எழுதிவிட முடியாது. முன்பு விருப்பமாய்ச் செய்ததில் மனம் செல்கிறதா, பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா, தான் சுமை என்ற எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். நோயைக் கண்டறிந்த முதல் மாதங்களில் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. ஆகவே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தோட்டம் செய்யும் வீடானால் பூச்சி மருந்துகளை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்வதையும் தவறவிடாதீர்கள். முதியவர் ஒருவர் திடீரென்று இரவில் இறந்தவர்களைக் கண்டு பேசி, பகலில் ஆளறியாமல் இருந்தால் வீட்டார் பேய் என்பார்கள், சில வேளைகளில் எம்மவரே மனநோய் என்பார்கள். தொற்றோ, இரத்தத்தில் உப்புக்களின் மாற்றமோ, மருந்தோ மூளையைக் குழப்பியிருக்கக்கூடும். அது அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. தெளிந்த அறிவோடு, இறுதி நாட்களில், அம்மா வந்து கூப்பிட்டா என்று அமைதியாகச் சொல்பவர் வேறு. அவருக்கு மருந்து தேவையில்லை.

வலியைத் தீர்க்காமல் உளத்துணை பேசுவதில் பயனில்லை. வலி உடலுக்கு மட்டும் உரியதல்ல, மனமும் உறவும் ஆன்மிகமும் சேர்ந்த முழு வலி என்று நோய்த்தணிப்புப் பராமரிப்பின் முன்னோடியான சிசிலி சோண்டர்ஸ் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் உரிய நேரத்துக்கு மோர்பின் கொடுப்பதையும் அதே உறுதியோடு வலியுறுத்தினார் என்பது நினைவில் இருக்கட்டும். இங்கே மோர்பின் என்றால் கடைசி மருந்து என்றும், அடிமையாக்கும் என்றும் பயம். மருத்துவர் சொல்லும் அளவில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர் அடிமையாவது அரிது என்றும், மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து கேளுங்கள் என்றும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். போதிய மருந்தில்லாமல் காயங்களைத் தாங்கிய மக்கள் இவர்கள். வலியைத் தாங்குவதையே தம் தகுதியாக நினைப்போர் உண்டு.

பயணமும் உளவியலாளரின் விடயம்தான். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்து 2013 இல் திறக்கப்பட்ட தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை வடக்கிற்குப் பெரும் ஆறுதல். ஆயினும் முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து பேருந்து மாறி அங்கே போகும் ஒருவர் இருட்டோடு புறப்பட வேண்டும். திரும்பும்போது வாந்தியோடு பேருந்தில் நிற்க வேண்டியும் வரும். கதிர்ச் சிகிச்சை கிழமையில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும். சிகிச்சையை இடையில் விட்டவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று குறிப்பெழுதுவதற்கு முன் பேருந்துக் காசையும், வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும், குடும்பநல உத்தியோகத்தரையும், யாழ்ப்பாணத்தில் தங்க இடம் தரக்கூடிய உறவினரையும் ஒரே தாளில் இணைப்பது பல நேரங்களில் எந்தச் சிகிச்சை நுட்பத்தையும்விடத் தவிப்பைக் குறைக்கிறது.

இறப்பு வீட்டில் நிகழட்டும் என்று பெரும்பாலான குடும்பங்கள் விரும்புகின்றன. அதற்கு வலி மருந்தும், இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் முன்னரே ஒழுங்காக வேண்டும். செத்த வீட்டுக்கு உளவியலாளர் போகலாமா என்று மேலைநாட்டுப் பயிற்சியாளர்கள் தயங்குவார்கள். வன்னியில் போகாமல் இருப்பதுதான் உறவை முறிக்கும். ஆனால் என் உண்மையான வருகை அந்தியேட்டி முடிந்த பின்னர். முப்பத்தோராம் நாள்வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதன் பின்னர்தான் அந்த வீட்டில் தனிமை தொடங்கும். எல்லோருக்கும் துயர் ஆலோசனை தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலானோர் உறவாலும் சடங்காலும் தாமே மீள்வார்கள். ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வுக்குத் திரும்ப முடியாத அளவில் துயர் நீடித்தால் அதை நீடித்த துயர்க் கோளாறாக உலக சுகாதார அமைப்பின் தற்போதைய வகைப்பாடு கொள்கிறது. ஆயினும் அந்தச் சமூகத்தின் வழமையை மீறிய துயரா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசம் வரை ஒடுங்கியிருப்பது வழமையான குடும்பத்தில் காலத்தை மட்டும் எண்ணி முடிவெடுக்காதீர்கள்.

இதைத் தொழிலாகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். புற்றுநோய்க்கென்று தனியான உளவியலாளர் பதவியை எதிர்பார்த்து வன்னியில் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலை உளநலப் பிரிவு, பிரதேச செயலகத்தின் உளவளத்துணைப் பணி, தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றில் கால் ஊன்றி, அங்கிருந்து புற்றுநோய்க் கிளினிக் நாளுக்கு உங்களை அனுப்பச் செய்வதே நடைமுறை வழி. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்காக இலங்கை 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டச் சட்டகத்தை வெளியிட்டபோது, உளசமூக ஆதரவையும் அதன் பகுதியாக ஏற்றது. வைத்தியசாலைப் பணிப்பாளரோடு பேசும்போது இதைச் சுட்டிக்காட்டலாம். வருமானம் முதல் ஆண்டுகளில் குறைவாகவும் ஒப்பந்த அடிப்படையிலும் இருக்கக்கூடும் என்பதை வீட்டாரோடு பேசிவிட்டு வாருங்கள். நீங்களும் போரின் அந்த இறுதி மாதங்களைக் கடந்தவராக இருந்தால், ஒரு நோயாளரின் கதை உங்களுடைய கதையாகவே வரும் நாள் உண்டு. அதனால் நீங்கள் தகுதியற்றவராகிவிட மாட்டீர்கள். ஆனால் மேற்பார்வை தரும் மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியிலாவது ஒழுங்காகச் சந்திக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

முடிந்தால் சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். கொழும்புக்கு அருகே மஹரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் வன்னி நோயாளருக்கு அங்கே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் கூடப்போன மகனோ மருமகனோதான். மருத்துவர் சொல்வதில் பாதியை அவர் அன்பினால் விழுங்கிவிடுவார், தாய் கேட்பதில் பாதியைக் கூச்சத்தால் விட்டுவிடுவார். இரண்டு மொழியும் தெரிந்த உளவியலாளர் ஒருவர் தொலைபேசியிலாவது அந்த உரையாடலில் இருந்தால், தாய் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது தாய்க்குத் தெரியும். நான் பேச்சுவழக்குச் சிங்களத்தை வேலைக்கு வந்த பின்னரே கற்றேன். உங்களுக்கு இப்போதே நேரம் இருக்கிறது.